போத்தலில் பெயர் போட்டவர் பதில் சொல்ல வேண்டும்

உங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்து பாருங்கள். சில்லி சாஸுக்கும் தக்காளி சாஸுக்கும் நடுவே பாதி தீர்ந்த சிரப் போத்தல் ஒன்று நின்றுகொண்டிருக்கும். எங்கள் வீட்டில் இரண்டு நிற்கின்றன. என் தம்பி மகளுக்கு மூன்று வயதில் காய்ச்சல் வந்தபோது, நள்ளிரவில் அவளை மடியில் கிடத்தி, கையையும் காலையும் பிடித்துக்கொண்டு அந்தச் சிவப்புத் திரவத்தைப் புகட்டியது நான்தான். துப்பினாள், மறுபடியும் புகட்டினேன். போத்தலின் பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறைகூட நான் படித்ததில்லை. மருந்துதானே, யாராவது சோதித்துப் பார்த்திருப்பார்கள் என்ற நினைப்பு.

2022ஆம் ஆண்டில் நம் அண்டை நாடான இந்தோனேசியாவில் பெற்றோர்கள் இதே நினைப்போடுதான் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் மருந்து கொடுத்தார்கள். 200க்கும் மேற்பட்ட பிள்ளைகள் இறந்துபோனார்கள். பெரும்பாலோர் ஐந்து வயதுகூட நிரம்பாதவர்கள். முதலில் வாந்தி வந்தது. பிறகு சிறுநீர் குறைந்து, நின்றே போனது. சிறுநீரகம் செயலிழந்துவிட்டது. காய்ச்சலால் வந்த சாவு அல்ல அது. காய்ச்சலுக்குக் கொடுத்த மருந்தால் வந்தது.

அதே ஆண்டில் மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவில் ஏறக்குறைய 70 பிள்ளைகளும், உஸ்பெகிஸ்தானில் 68 பிள்ளைகளும் இதே அறிகுறிகளோடு இறந்தார்கள். 2025 செப்டம்பரிலும் அக்டோபரிலும் இந்தியாவின் மத்தியப் பிரதேச மாநிலத்தில் 20க்கும் மேற்பட்ட பிள்ளைகள் இறந்தார்கள். அவர்கள் குடித்த 'கோல்ட்ரிஃப்' என்ற இருமல் மருந்து தயாரானது தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாட்டு அரசு ஆய்வுக்கூடம் அந்த மருந்தைச் சோதித்தபோது அதில் 48.6 விழுக்காடு டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு இருந்தது. அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 0.1 விழுக்காடு. பெருக்கிப் பாருங்கள்: 486 மடங்கு. கிட்டத்தட்ட பாதிப் போத்தல் நஞ்சு.

இந்த வாரம் நான் கேட்க விரும்பும் கேள்வி நேரடியானது. இப்படி ஒரு சாவு நடந்தால் யார் பதில் சொல்ல வேண்டும்? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போத்தலில் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறதோ அந்த நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருப்பவர் குற்றவியல் நீதிமன்றத்தில் நின்று பதில் சொல்ல வேண்டும். "எனக்குத் தெரியாது" என்பது அங்கே விடுதலைக்கான சாவியாக இருக்கக் கூடாது. ஏன் இப்படிக் கடுமையாகச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் வேதியியலும் நிறைய வரலாறும் தேவை.

இனிக்கும் நஞ்சு

பாரசெட்டமால் தண்ணீரில் எளிதில் கரையாது. இரண்டு வயதுக் குழந்தையால் மாத்திரையை விழுங்கவும் முடியாது. ஆகவே மருந்தைக் கரைத்துத் தர ஒரு கரைப்பான் வேண்டும். புரோப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும் இதற்குப் பயன்படுகின்றன. இரண்டும் நிறமற்றவை, கொழகொழப்பானவை, இனிப்புச் சுவை உள்ளவை, மருந்தில் சேர்க்கும் அளவில் பாதுகாப்பானவை.

இவற்றுக்கு எத்திலீன் கிளைக்கால், டைஎத்திலீன் கிளைக்கால் என்று இரண்டு உறவினர்கள் உண்டு. கார் ரேடியேட்டரில் ஊற்றும் குளிர்விப்பான், பிரேக் எண்ணெய் போன்றவற்றில் இருப்பவை இவை. இவையும் நிறமற்றவை, கொழகொழப்பானவை, இனிப்பானவை. நான்கையும் நான்கு கண்ணாடிக் குவளைகளில் ஊற்றி வரிசையாக வைத்தால் உங்களாலும் சொல்ல முடியாது, உங்கள் ஆசிரியராலும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

படிவம் ஐந்தில் ஆல்கஹால்களைப் படிக்கும் மாணவர்கள் இதைக் கவனியுங்கள். எத்திலீன் கிளைக்காலில் இரண்டு கார்பன், இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகள். புரோப்பிலீன் கிளைக்காலில் மூன்று கார்பன், அதே இரண்டு ஹைட்ராக்சில். ஒரே ஒரு கார்பன்தான் வித்தியாசம். ஆனால் கல்லீரல் இவற்றை வெவ்வேறு பாதைகளில் கொண்டுபோகிறது. புரோப்பிலீன் கிளைக்கால் உடைந்து லாக்டிக் அமிலமாகிறது. ஓடி முடித்ததும் உங்கள் தசைகளில் உண்டாகும் அதே பொருள்தான். அதை எப்படிக் கையாள்வது என்று உடலுக்குத் தெரியும். எத்திலீன் கிளைக்கால் ஆக்சாலிக் அமிலமாகிறது. அது இரத்தத்திலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து ஊசி போன்ற படிகங்களாகச் சிறுநீரகத்தில் படிகிறது. டைஎத்திலீன் கிளைக்காலிலிருந்து வரும் டைகிளைக்காலிக் அமிலம் சிறுநீரகத்தின் நுண்குழாய்ச் செல்களுக்குள் தேங்கி அவற்றைக் கொல்கிறது.

இந்த மாற்றங்களைத் தொடக்கிவைப்பது ஆல்கஹால் டீஹைட்ரஜனேஸ் என்னும் நொதி. ஃபோமெப்பிசோல் என்ற மருந்து அந்த நொதியைப் பிடித்து நிறுத்திவிடும். 2022 அக்டோபரில் இந்தோனேசியா அதைச் சிங்கப்பூரிலிருந்து அவசரமாக வரவழைத்தது. நேரத்தில் கிடைத்தால் உயிர் பிழைக்கலாம். நிறையப் பிள்ளைகளுக்கு அது நேரத்தில் கிடைக்கவில்லை.

கண்ணால் பிரித்தறிய முடியாது என்றேன். கருவியால் முடியும். கேஸ் குரோமட்டோகிராஃபி என்ற சோதனை எவ்வளவு நஞ்சு கலந்திருக்கிறது என்பதை நுட்பமாகக் காட்டிவிடும். அந்தக் கருவி இல்லாத இடத்திலும் மென்படல குரோமட்டோகிராஃபி மூலம் முதற்கட்டச் சோதனை செய்யலாம். வடிதாளில் கறுப்பு மையைச் சொட்டுவிட்டு அது பல நிறங்களாகப் பிரிவதைப் பள்ளி ஆய்வகத்தில் பார்த்திருப்பீர்களே, அதன் ஒன்றுவிட்ட அண்ணன் இது. விலை உயர்ந்த வித்தை ஒன்றும் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் எல்லாக் கதைகளிலும் யாரோ ஒருவர் இந்தச் சோதனையைச் செய்யாமல் விட்டிருக்கிறார்.

ஒரு சொல்லுக்காக விதித்த அபராதம்

1937. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் எஸ்.ஈ. மாசெங்கில் என்ற மருந்து நிறுவனம். அப்போது சல்ஃபானிலமைடு என்ற கிருமிக்கொல்லி மருந்து தொண்டைப் புண்ணுக்கு நன்றாக வேலை செய்தது. மாத்திரையாகவும் தூளாகவும் மட்டுமே கிடைத்தது. நீர்மமாகத் தந்தால் பிள்ளைகளும் குடிப்பார்கள் என்று விற்பனையாளர்கள் கேட்டார்கள். நிறுவனத்தின் தலைமை வேதியியலாளர் டைஎத்திலீன் கிளைக்காலில் அது நன்றாகக் கரைவதைக் கண்டுபிடித்தார். ராஸ்பெரி மணம் சேர்த்தார். நிறம், மணம், சுவை மூன்றையும் சோதித்தார்கள். ஓர் எலிக்குக்கூடக் கொடுத்துப் பார்க்கவில்லை. அப்போதைய சட்டம் அப்படிச் செய்யச் சொல்லவும் இல்லை.

240 கேலன் மருந்து நாடெங்கும் போனது. சில வாரங்களில் 100க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் 34 பேர் பிள்ளைகள். உணவு மருந்து நிர்வாகத்தின் அதிகாரிகள் ஏறக்குறைய அனைவரும் தெருவில் இறங்கி, மருந்தகம் மருந்தகமாக, வீடு வீடாகப் போய்ப் போத்தல்களைத் தேடிப் பிடித்தார்கள். 234 கேலனுக்கு மேல் மீட்டார்கள். மீதி ஆறு கேலனுக்கும் குறைவான மருந்துதான் அத்தனை உயிர்களைக் குடித்தது. அந்த அதிகாரிகளின் கால்கள் மட்டும் நடக்காமல் போயிருந்தால் சாவு ஆயிரங்களில் போயிருக்கும்.

எந்தச் சட்டத்தைக் காட்டி அந்தப் போத்தல்களைப் பறிமுதல் செய்தார்கள் தெரியுமா? நஞ்சுள்ள மருந்தை விற்றது அன்று குற்றமே இல்லை. ஆனால் மருந்தின் பெயரில் 'எலிக்சர்' என்று இருந்தது. எலிக்சர் என்றால் ஆல்கஹால் கலந்தது என்று பொருள். இதில் ஆல்கஹால் இல்லை. ஆகவே லேபிளில் தவறான பெயர் என்ற குற்றம்! 'கரைசல்' என்று எழுதியிருந்தால் அதிகாரிகளால் ஒரு போத்தலைக்கூடத் தொட்டிருக்க முடியாது. நிறுவனம் கட்டிய அபராதம் 26,100 டாலர். அந்தக் காலத்துச் சட்டத்தின்கீழ் விதிக்கப்பட்ட அபராதங்களிலேயே அதுதான் பெரியது. உரிமையாளரோ, தங்கள் தரப்பில் எந்தப் பொறுப்பும் இருப்பதாகத் தாம் கருதவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார்.

இந்த வரியை முதல்முறை படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். இறந்த ஒரு சிறுமியின் தாய் அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கு மகளின் படத்தை இணைத்துக் கடிதம் எழுதினார். மருந்துகளைச் சோதிக்காமல் விற்க விடாதீர்கள் என்பதுதான் அவருடைய வேண்டுகோள். 1938இல் புதிய சட்டம் வந்தது. விற்பனைக்கு முன் மருந்து பாதுகாப்பானது என்று நிறுவனம் காட்ட வேண்டும் என்றது.

இங்கே ஒரு கிளைக்கதை. அந்த எலிக்சரின் நச்சுத்தன்மையை விலங்குகளில் ஆராய்ந்த சிகாகோ பல்கலைக்கழகக் குழுவில் ஃபிரான்சிஸ் கெல்சி என்ற இளம் மாணவி இருந்தார். 1960இல் அவர் உணவு மருந்து நிர்வாகத்தில் அதிகாரியாகச் சேர்ந்தார். அவருடைய மேசைக்கு வந்த முதல் விண்ணப்பங்களில் ஒன்று தாலிடோமைடு. நிறுவனம் திரும்பத் திரும்ப நெருக்கியும் அவர் அனுமதி தரவில்லை. சான்றுகள் போதவில்லை என்றார். அதே மருந்தால் ஐரோப்பாவில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் வளர்ச்சியின்றிப் பிறந்தார்கள். மாணவியாக இருந்தபோது ஆய்வகத்தில் பார்த்தது அவருக்கு மறக்கவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

தாள் கை மாறுகிறது, சோதனை நடப்பதில்லை

மாசெங்கில் செய்தது அறியாமை என்று ஒருவர் வாதாடலாம். 1937க்குப் பிறகு அந்த வாதம் செல்லாது. டைஎத்திலீன் கிளைக்கால் சிறுநீரகத்தைக் கொல்லும் என்பது மருந்துத் தொழிலில் இருக்கும் எல்லாருக்கும் தெரிந்த பாடம். ஆனாலும் 1986இல் மும்பையில், 1996இல் ஹைத்தியில், 2006இல் பனாமாவில் என்று அதே நஞ்சு திரும்பத் திரும்ப வந்தது. ஏன்? மருந்துத் தரமுள்ள கிளிசரினும் புரோப்பிலீன் கிளைக்காலும் விலை கூடியவை; தொழிற்சாலைத் தரச் சரக்கு மலிவானது. ஒன்றை மற்றொன்றாகக் காட்டி விற்றால் நடுவில் இருப்பவருக்குக் கொள்ளை இலாபம். இதற்கு விபத்து என்று பெயர் வைக்க முடியாது. மோசடி.

பனாமாவுக்குப் போன 46 பீப்பாய்கள் சீனாவிலிருந்து கிளம்பி, ஸ்பெயினிலுள்ள வணிகர் ஒருவரின் வழியாகப் பனாமாவை அடைந்தன. கூடவே 99.5 விழுக்காடு தூய கிளிசரின் என்று ஒரு சான்றிதழும் பயணம் செய்தது. சரக்கு கை மாறும்போது சான்றிதழும் புதிய நிறுவனத்தின் பெயரில் மறுபடி அச்சானது. உண்மையில் தயாரித்தவர் யார் என்பதே தாளிலிருந்து மறைந்துபோனது. அத்தனை கைகளில் ஒரு கையாவது பீப்பாயைத் திறந்து ஒரு சொட்டு எடுத்துச் சோதிக்கவில்லை. 100க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

இந்தோனேசியாவிலும் கதை இதேதான். கிழக்கு ஜாவாவின் கெடிரியில் இருக்கும் அஃபி ஃபார்மா என்ற நிறுவனம் வாங்கிய புரோப்பிலீன் கிளைக்காலின் இரண்டு தொகுதிகளில் 96 முதல் 99 விழுக்காடு வரை எத்திலீன் கிளைக்கால் இருந்ததாக அரசு வழக்கறிஞர்கள் குற்றப்பத்திரிகையில் சொன்னார்கள். கலப்படம் என்றுகூட இதைச் சொல்ல முடியாது, பொருளே வேறு. நிறுவனம் மூலப்பொருளைத் தானே சோதிக்கவில்லை. விற்றவர் கொடுத்த சான்றிதழை நம்பியது.

2023 நவம்பரில் கெடிரி நீதிமன்றம் நிறுவனத்தின் தலைமை நிர்வாகிக்கும் வேறு மூன்று அதிகாரிகளுக்கும் தலா இரண்டு ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. இரண்டு ஆண்டு! தலைமை நிர்வாகிக்கு ஒன்பது ஆண்டு கேட்டிருந்தார்கள் அரசு வழக்கறிஞர்கள். 2024 ஆகஸ்டில் ஜகார்த்தாவில் பெற்றோர்கள் கூட்டாகத் தொடுத்த வழக்கில், மருந்து நிறுவனமும் மூலப்பொருள் விற்ற நிறுவனமும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதிகபட்சம் 6 கோடி ரூபியா கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பானது. கோடி என்றதும் மலைத்துவிட வேண்டாம். அன்றைய மாற்று விகிதத்தில் அது நம் பணத்தில் ஏறக்குறைய 17,000 ரிங்கிட். பிழைத்த பிள்ளைகளிலும் சிலர் நிரந்தர ஊனத்தோடு வாழ்கிறார்கள். அந்தச் செலவுக்கு அது எந்த மூலை?

உஸ்பெகிஸ்தான் வேறு மாதிரி நடந்துகொண்டது. 2024 பிப்ரவரியில் அங்கே 23 பேர் சிறைக்குப் போனார்கள். இறக்குமதி நிறுவனத்தின் நிர்வாகி ஒருவருக்கு 20 ஆண்டு. மருந்துக்கு அனுமதி கொடுத்த அரசு அதிகாரிகளும் தப்பவில்லை. கட்டாயச் சோதனையைத் தவிர்ப்பதற்காக 33,000 டாலர் இலஞ்சம் கை மாறியதாக அரசுத் தரப்பு சொன்னது. இறந்த பிள்ளை ஒவ்வொன்றின் குடும்பத்துக்கும் 80,000 டாலர் இழப்பீடு. ஆனால் அந்த மருந்து தயாரானது இந்தியாவின் நொய்டாவில். தண்டனை பெற்றவர்களோ பெரும்பாலும் அதை இறக்குமதி செய்தவர்களும் அனுமதித்தவர்களும். ஒரு நாட்டில் தயாராகி இன்னொரு நாட்டில் கொல்லும் மருந்துக்கு எந்த நாட்டு நீதிமன்றம் என்ற கேள்விக்கு இன்னும் சரியான விடை இல்லை.

கோல்ட்ரிஃப் வழக்கில் முதலில் கைதானவர்களில் ஒருவர் மருந்தை எழுதிக் கொடுத்த மருத்துவர். நிறுவனத்தின் உரிமையாளர் அதற்குச் சில நாள் கழித்துச் சென்னையில் பிடிபட்டார். அந்தத் தொழிற்சாலையை ஈராண்டாக முறையாகச் சோதிக்கவில்லை என்று இரண்டு மூத்த மருந்து ஆய்வாளர்களைத் தமிழ்நாடு அரசு பணியிடை நீக்கம் செய்தது. உரிமம் இரத்தானது. யார் எவ்வளவு குற்றவாளி என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். அதற்கு முன் நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வரிசையைக் கவனியுங்கள். மருத்துவரிடம் ஆய்வுக்கூடம் இல்லை. மருந்தகத்தில் இல்லை. தாயிடம் நிச்சயமாக இல்லை. சோதனை செய்யக்கூடிய இடம் சங்கிலியில் ஒன்றோ இரண்டோதான். மருந்தைக் காய்ச்சி, போத்தலில் ஊற்றி, தன் பெயரை ஒட்டும் இடம் அதில் முதன்மையானது.

"எனக்குத் தெரியாது"

அமெரிக்காவின் 1938 சட்டத்துக்கு ஒரு நல்ல வாரிசு பிறந்தது. நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் ஒரு சிறு மருந்து நிறுவனம் இருந்தது. பிறர் தயாரித்த மருந்துகளை வாங்கி, தன் லேபிளை ஒட்டி விற்றது. அவற்றில் சில தரமற்றவை என்று வழக்கு வந்தது. வேடிக்கை என்னவென்றால், ஜூரிகள் நிறுவனத்தை விடுவித்துவிட்டு அதன் மேலாளர் ஜோசஃப் டாட்டர்வைக் என்பவரை மட்டும் குற்றவாளி என்றார்கள். அந்தச் சரக்கை அனுப்பியதில் தமக்கு நேரடிப் பங்கில்லை என்பது அவர் தரப்பு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1943இல், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், நீதிபதிகள் தண்டனையை உறுதி செய்தார்கள். அவர்களுடைய வாதத்தின் சாரம் இது: ஆபத்து யாராவது ஒருவர் தலையில் விழத்தான் போகிறது; அதைத் தெரிந்துகொள்ளும் வசதி உள்ளவர் தலையில் விழட்டும், எதுவும் செய்ய முடியாத பொதுமக்கள் தலையில் வேண்டாம்.

1975இல் ஒரு பேரங்காடி நிறுவனத்தின் தலைவருக்கும் இதே சட்டம் பாய்ந்தது. கிடங்கில் எலிகள். "கீழே இருப்பவர்களிடம் ஒப்படைத்திருந்தேன்" என்றார். செல்லவில்லை. தண்டனை என்னவோ 250 டாலர்தான், சிரிப்பு வரும். ஆனால் கோட்பாடு நின்றுவிட்டது: தடுக்கும் அதிகாரம் உன் கையில் இருந்தது, தடுக்கவில்லை, ஆகவே நீ பொறுப்பு.

நான் கேட்பது இந்தக் கோட்பாட்டைத்தான், அந்த 250 டாலரை அல்ல. உயிர்ச் சேதம் நடந்த இடத்தில் சிறையும் கூட வேண்டும்.

எதிர்வாதங்கள் உண்டு, அவை அற்பமானவையும் அல்ல. தெரியாமல் நடந்த தவறுக்கு ஒருவரைச் சிறையில் அடைப்பது நியாயமா என்று சட்ட வல்லுநர்களே கேட்கிறார்கள். குற்றம் என்றால் குற்ற எண்ணம் வேண்டும் என்பது பழைய, நல்ல சட்ட நெறி. அந்த நெறியை நானும் மதிக்கிறேன். ஆனால் விமானம் ஓட்டுபவர் புறப்படும் முன் எரிபொருள் அளவைப் பார்க்காமல் விட்டால், "தீர்ந்துபோயிருக்கும் என்று தெரியாது" என்பதை நாம் ஏற்போமா? பார்ப்பதுதான் அவருடைய வேலை. மருந்துத் தொழிற்சாலைக்கு மூலப்பொருளைச் சோதிப்பது அப்படிப்பட்ட வேலை. சோதித்த பதிவுகளைக் காட்டி, நேர்மையாக எல்லாம் செய்தும் ஏமாற்றப்பட்டேன் என்று ஒருவர் நிறுவினால், அவரை விட்டுவிடலாம். சோதிக்கவே இல்லை என்றால் தெரியாமல் போனது அவர் தேர்ந்தெடுத்த அறியாமை.

மருந்து விலை ஏறிவிடும், ஏழைகள் பாதிக்கப்படுவார்கள் என்பது இன்னொரு வாதம். இது என்னை உண்மையாகவே யோசிக்க வைத்தது. உலகின் ஏழை நாடுகள் மலிவு மருந்துகளை நம்பித்தான் வாழ்கின்றன. இந்தியாவின் நல்ல நிறுவனங்கள் செய்த மலிவு எய்ட்ஸ் மருந்துகளால் பிழைத்தவர்கள் ஏராளம். ஆனால் ஒரு பீப்பாய்க் கரைப்பானிலிருந்து ஆயிரக்கணக்கான போத்தல்கள் வருகின்றன. அந்தப் பீப்பாய்க்கு ஒரு சோதனை. அதன் செலவை அத்தனை போத்தல்களுக்கும் பங்கிட்டால் போத்தலுக்கு எத்தனை காசு வரும் என்று நீங்களே யோசியுங்கள். பனாமாவுக்குப் பிறகு 2007இல் அமெரிக்கா இப்படித்தான் கிளிசரினின் ஒவ்வொரு தொகுதியையும் சோதிக்கும்படி நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. அங்கே அதனால் இருமல் மருந்து கடைகளிலிருந்து காணாமல் போய்விடவில்லை.

எனக்கே என் வாதத்தில் ஒரு பயம் உண்டு. தலைவர்களைச் சிறைக்கு அனுப்பினால் மக்களின் கோபம் தணிந்துவிடும். சோதிக்காமல் விட்ட அரசு அமைப்பு அப்படியே இருக்கும். சீனாவில் 2007இல் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் முன்னாள் தலைவருக்கே இலஞ்சக் குற்றத்துக்காக மரண தண்டனை நிறைவேற்றினார்கள். அவ்வளவு பெரிய தண்டனையாலும் உலகில் கலப்படம் நின்றுவிடவில்லை. கடுமையைவிட முக்கியம், நிச்சயமாகப் பிடிபடுவோம் என்ற அச்சம். அதற்குத் தொழிற்சாலை வாசலில் முன்னறிவிப்பு இல்லாமல் வந்து நிற்கும் ஆய்வாளர்கள் போதிய எண்ணிக்கையில் வேண்டும். 1937இல் வீடு வீடாக நடந்தவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

நம் வீட்டுக் கணக்கு

மலேசியாவில் விற்கப்படும் மருந்துகள் சுகாதார அமைச்சின் கீழுள்ள மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையத்தில் பதிவு பெற வேண்டும். எம்.ஏ.எல். என்ற மூன்று எழுத்துகளில் தொடங்கும் பதிவு எண் போத்தலில் இருக்கும். ஹோலோகிராம் முத்திரையும் இருக்கும். அந்த எண்ணை அமைச்சின் மருந்து ஒழுங்குமுறைப் பிரிவின் இணையத்தளத்தில் தட்டிப் பார்த்தால் மருந்தின் பெயரும் உரிமம் பெற்றவர் பெயரும் வரும். ஐந்து நிமிட வேலை. எங்கள் வீட்டு இரண்டு போத்தல்களையும் தட்டிப் பார்த்தேன். இரண்டும் சரியாக இருந்தன. இணையத்தில் முகந்தெரியாத ஒருவரிடம் மலிவாக வாங்கிய போத்தலுக்கு அந்த எண் இல்லாமல் போகலாம்.

ஆனால் எண் இருப்பது ஒரு பக்கம். தவறு நடந்தால் என்ன ஆகும் என்று சட்டத்தைப் புரட்டினேன். 1952ஆம் ஆண்டின் மருந்து விற்பனைச் சட்டத்தில், தனி ஆளுக்கு முதல் குற்றத்தில் 25,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். நிறுவனத்துக்கு முதல் குற்றத்தில் 50,000 ரிங்கிட் வரை. தண்டனைச் சட்டமும் 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும் வேறு வழிகளைத் தருகின்றன என்பது உண்மைதான். இருந்தாலும் மருந்துக்கென்றே எழுதிய சட்டத்தில் ஒரு நிறுவனத்தின் முதல் தவறுக்கு எழுதியிருக்கும் தொகை ஒரு சிறிய காரின் விலை.

இந்தத் தொகையை உயர்த்த வேண்டும். உயிரிழப்பு நேர்ந்தால் இயக்குநர்கள் தனிப்பட்ட முறையில் பொறுப்பு என்று தெளிவாக எழுத வேண்டும். பாதிக்கப்பட்ட குடும்பம் பல ஆண்டு வழக்காடித் தளராமல் இருக்க, நிறுவனங்கள் முன்கூட்டியே பணம் செலுத்தும் இழப்பீட்டு நிதி ஒன்று வேண்டும். இவற்றுக்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. நாடாளுமன்றத்தில் ஒரு திருத்த மசோதா போதும். உங்களில் பலர் இன்னும் சில ஆண்டுகளில், பதினெட்டு வயதானதும், வாக்களிக்கப் போகிறீர்கள். உங்கள் தொகுதியில் வாக்கு கேட்டு வருபவரிடம் இந்த 50,000 ரிங்கிட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.